தேவையிலிருந்து பாறை வரை: மென்பொருள் பொறியியலின் தேவைத் தடமறிதலும் பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகத் திட்டமும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மென்பொருள் அமைப்பிலுள்ள ஒவ்வொரு கூறும் எந்தத் தேவையால் பிறந்தது, அத்தேவை யாரிடமிருந்து வந்தது, அது நிறைவேறியதை எச்சோதனை மெய்ப்பித்தது ஆகிய மூன்று வினாக்களுக்கும் விடை காண உதவுவது தேவைத் தடமறிதல். மென்பொருள் பொறியியலில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வளர்ந்துள்ள இக்கருத்தை, தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு அருகில் பொட்டிபுரத்தில் அமைக்கத் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. அறிவியல் நோக்கம், கருவி, மென்பொருள், நிலம், சட்டம் ஆகியவை ஒரே சங்கிலியில் பிணைந்துள்ள இத்திட்டத்தில், நன்கு பதிவான தொடுப்புகள் தந்த பயனும் விடுபட்ட தொடுப்புகளின் விளைவும் ஒருங்கே புலப்படுகின்றன. தமிழ் ஆவணங்களில் தொடுப்புகளைத் தானியக்கமாகக் கண்டறிவதிலுள்ள மொழிசார் சிக்கல்களும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தேவைத் தடமறிதல், தேவைப் பொறியியல், தொடுப்பு மீட்பு, இந்திய நியூட்ரினோ ஆய்வகம், பொட்டிபுரம், தமிழ்க் கணிமை.

முன்னுரை

பெரிய மென்பொருள் எதுவும் ஒருவரால் ஒரே மூச்சில் எழுதப்படுவதில்லை. பயனர் கூறியது தேவை ஆவணமாகிறது, ஆவணம் வடிவமைப்பாகிறது, வடிவமைப்பு நிரலாகிறது, நிரல் சோதிக்கப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் ஆட்கள் மாறுகின்றனர், காலம் கடக்கிறது. பத்தாண்டுகளுக்குப் பின் அந்நிரலின் ஒரு வரியை மாற்ற வருபவர்க்கு, அவ்வரி ஏன் எழுதப்பட்டது என்பது தெரிந்தாக வேண்டும். தெரியாதபோது இரண்டில் ஒன்று நிகழ்கிறது: அச்சத்தால் அவ்வரியைத் தொடாமல் விடுகின்றனர், அல்லது அறியாமையால் நீக்கி, எங்கோ ஓரிடத்தில் பழுதை உண்டாக்குகின்றனர்.

இச்சிக்கல் மென்பொருளுக்கு மட்டும் உரியதன்று. பல நிறுவனங்கள் பங்கேற்கும், பல்லாண்டுகள் நீளும் எந்தத் திட்டத்திலும் இது உண்டு. பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வகம் அத்தகையது. அங்குத் தோண்டத் திட்டமிட்ட குகையின் ஆழமும், கருவியில் பொருத்தவேண்டிய மின்னணுத் தடங்களின் எண்ணிக்கையும், தரவைப் பகுக்கும் நிரலின் நுட்பமும் ஒரே வினாவிலிருந்து கிளைத்தவை. எனவே தேவைத் தடமறிதலை விளக்க அது ஏற்ற களமாகிறது. அத்திட்டம் நிறைவேற வேண்டுமா, கைவிடப்பட வேண்டுமா என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

தேவைத் தடமறிதல்: வரையறையும் வகைகளும்

ஓர்லேனா கோட்டெல், ஆந்தனி ஃபிங்கெல்ஸ்டைன் இருவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இத்துறையின் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. ஒரு தேவையின் வாழ்வை, அதன் தோற்றம் முதல் பயன்பாடு வரை, முன்னோக்கியும் பின்னோக்கியும் விவரிக்கவும் பின்தொடரவும் இயலும் தன்மையே தேவைத் தடமறிதல் என்பது அவர்கள் தந்த வரையறையின் சாரம். அவர்கள் செய்த பாகுபாடு அதனினும் முதன்மையானது.

ஒன்று, ஆவணத்துக்குப் பிந்தைய தடமறிதல். தேவை ஆவணத்தில் இடம்பெற்ற ஒரு கூறு, வடிவமைப்பிலும் நிரலிலும் சோதனையிலும் எவ்வாறு தொடர்கிறது என்பதை இது காட்டும். மற்றொன்று, ஆவணத்துக்கு முந்தைய தடமறிதல். அக்கூறு ஆவணத்துக்குள் வருவதற்கு முன் யாருடைய சொல்லாக, எந்தக் கவலையாக, எந்த விவாதத்தின் முடிவாக இருந்தது என்பதை இது காட்டும். தடமறிதல் குறித்த இடர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை போதிய கவனம் பெறாமையால் எழுகின்றன என்பதே அவர்களது முடிவு.

2001-இல் பாலசுப்ரமணியம் ரமேஷும் மத்தியாஸ் யார்கேயும் 26 நிறுவனங்களில் நிகழ்த்திய ஆய்வின் அடிப்படையில் தொடுப்புகளை வகைப்படுத்தினர். அவற்றுள் நான்கு இங்கு இன்றியமையாதவை: நிறைவேற்றும் தொடுப்பு (இக்கூறு இத்தேவையை நிறைவு செய்கிறது), சார்புத் தொடுப்பு (இது மாறினால் அதுவும் மாறும்), படிமலர்ச்சித் தொடுப்பு (இத்தேவை முன்பு வேறு வடிவில் இருந்தது), காரணத் தொடுப்பு (இம்முடிவு இன்ன காரணத்தால் எடுக்கப்பட்டது). தொடக்கநிலைப் பயனர்கள் முதலிரு வகைகளோடு நின்றுவிடுகின்றனர். முதிர்ந்த பயனர்களே காரணத்தையும் பதிவு செய்கின்றனர்.

இப்பதிவால் பயன் உண்டா என்ற வினாவுக்குப் பாட்ரிக் மேடர், அலெக்சாண்டர் எக்யெட் ஆகியோரின் சோதனை விடை தந்தது. 71 பங்கேற்பாளர்கள் மென்பொருள் பராமரிப்புப் பணிகளில் ஈடுபடுத்தப்பட்டனர். தடத்தொடுப்புகளைப் பெற்றிருந்தபோது பணி சராசரியாக 24% விரைவாக முடிந்தது. தீர்வுகள் 50% கூடுதலாகச் சரியாக அமைந்தன.

காரணம் தொலைந்த தேவைகள்

1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ஏவுகலம் புறப்பட்ட சிறிது நேரத்திலேயே அழிந்தது. அதன் திசையறி கருவியின் மென்பொருள் ஏரியன் 4-இலிருந்து எடுத்தாளப்பட்டது. அதிலிருந்த ஒரு சீரமைப்புச் செயற்கூறு, ஏவுகலம் புறப்பட்ட பின்னரும் சுமார் 40 நொடிகள் இயங்குமாறு எழுதப்பட்டிருந்தது. இறங்குமுக எண்ணிக்கை இடையில் நின்றால் விரைந்து மீண்டும் தொடங்குவதற்கென ஏரியன் வரிசையின் முந்தைய கலங்களில் எழுந்த தேவை அது. ஏரியன் 5-இல் அத்தேவையே இல்லை. ஆயினும் செயற்கூறு தொடர்ந்து இயங்கியது. புதிய கலத்தின் கிடைவேகம் மிகுந்ததால், 64 நுண்மி எண்ணை 16 நுண்மி முழுஎண்ணாக மாற்றுகையில் அது கொள்ளளவை மீறியது. தேவை நீங்கியபின் நிரல் மட்டும் எஞ்சி நின்றதே இங்கு நேர்ந்தது. ஒவ்வொரு செயற்கூற்றிலிருந்தும் பின்னோக்கிச் சென்று, இது எத்தேவைக்காக என்று வினவியிருந்தால் அது விடையின்றி நின்றிருக்கும்.

1999 செப்டம்பரில் செவ்வாய்க் காலநிலைச் சுற்றுகலம் இழக்கப்பட்டது இதன் மறுதலை. உந்துவிசைத் தரவு நியூட்டன்-நொடி அலகில் அமைய வேண்டும் என்பது இடைமுக ஆவணத்தில் எழுதப்பட்டிருந்தது. தரைநிலைய மென்பொருள் அதனைப் பவுண்டு-நொடி அலகில் தந்தது. தேவை இருந்தது, அது நிரலில் நிறைவேறியதா என்று முன்னோக்கித் தொடரும் தொடுப்பு செயற்படவில்லை.

பொட்டிபுரத் திட்டத்தின் தேவைச் சங்கிலி

இந்திய நியூட்ரினோ ஆய்வகம், அணுசக்தித் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் இணைந்து நிதியளிக்க, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் பல கல்வி நிறுவனங்கள் பங்கேற்கத் திட்டமிடப்பட்டது. 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்த இந்திய மரபின் தொடர்ச்சி இது. ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் மதிப்பிலான இத்திட்டத்துக்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்த செய்தி 2015 ஜனவரியில் வெளியாயிற்று. அதன் மையக் கருவி ‘ஐகால்’ எனப்படும் காந்தமூட்டப்பட்ட இரும்புக் கலோரிமானி.

இத்திட்டத்தின் தலைத்தேவை ஒரே வாக்கியத்தில் அடங்கும்: மூவகை நியூட்ரினோ நிறைகளின் வரிசைமுறையைத் தீர்மானிக்க வேண்டும். அதிலிருந்து கிளைக்கும் தேவைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. பூமியைத் துளைத்து வரும் மியூயான் வகை நியூட்ரினோவும் எதிர்நியூட்ரினோவும் பருப்பொருளால் வெவ்வேறு அளவில் பாதிக்கப்படுகின்றன. எந்த வகை மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது என்பது நிறை வரிசையைப் பொறுத்தது. எனவே இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

2. அவை இரும்பில் மோதும்போது எதிர்மின் மியூயானும் நேர்மின் மியூயானும் முறையே தோன்றுகின்றன. காந்தப்புலத்தில் இரண்டும் எதிரெதிராக வளையும். எனவே 1.3 முதல் 1.5 டெஸ்லா அளவிலான காந்தப்புலம் வேண்டும்.

3. நியூட்ரினோ அரிதாகவே மோதும். போதிய நிகழ்வுகளைச் சேர்க்க ஏறத்தாழ 50,000 டன் இரும்பு வேண்டும். இது 5.6 செ.மீ. தடிப்புள்ள தகடுகளாக, மூன்று பிரிவுகளில் அடுக்கப்படும்.

4. துகள் மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா என அறிய நேர அளவீடு நானோநொடி அளவில் துல்லியமாக வேண்டும். இத்தேவையை நிறைவேற்றத் தேர்ந்தெடுக்கப்பட்டவை ஆர்.பி.சி. எனப்படும் மின்தடைத் தட்டு உணரிகள்.

5. ஒவ்வோர் அடுக்கிலும் 64 உணரிகள், பிரிவுக்கு 150 அடுக்குகள், மூன்று பிரிவுகள் என மொத்தம் 28,800 உணரிகள். ஓர் உணரிக்கு 128 தடங்கள் எனில், மின்னணுத் தடங்கள் ஏறத்தாழ 37 இலட்சம். தரவு திரட்டும் மென்பொருள் இத்தனையையும் தாங்க வேண்டும்.

6. திரட்டிய தரவிலிருந்து மியூயானின் பாதை, உந்தம், மின்சுமை ஆகியவற்றை மீட்டுருவாக்க வேண்டும். இதற்கெனக் கால்மன் வடிகட்டி முறையிலான நிரலும், கீயண்ட்-4 கருவித்தொகுப்பின் அடிப்படையிலான உருவகப்படுத்தலும் உருவாக்கப்பட்டன.

இங்கு ஆறாம் படியிலுள்ள ஒரு நிரற்கூற்றை எடுத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால், இரண்டாம் படியிலுள்ள காந்தப்புலத்தைக் கடந்து தலைத்தேவையை அடையலாம். மின்சுமையைத் தவறாக இனங்காணும் நிரல், நிறை வரிசையை அறியும் திறனையே குறைத்துவிடும். அவ்வாறே முன்னோக்கி நடந்து மாற்றத்தின் தாக்கத்தை அளவிடலாம். உணரியின் தடங்களைப் பாதியாகக் குறைத்தால் செலவு குறையும். ஆனால் பாதையளவீட்டின் நுட்பம் குறைந்து, அதன் விளைவு ஒன்றாம் படி வரை மேலேறும்.

மதுரையில் 2018 முதல் இயங்கிவரும் 85 டன் எடையுள்ள சிறு ஐகால் இச்சங்கிலியின் சோதனை முனை. காந்தப்புலம், உணரிகளின் திறன், மின்னணுச் சுற்று, மீட்டுருவாக்க நிரல் ஆகியவற்றுக்கான தேவைகளை அது தரைமட்டத்திலேயே சோதிக்கிறது. நிலத்தடிப் பின்னணி குறித்த தேவைகளைச் சோதிக்க அதனால் இயலாது. எத்தேவை சோதிக்கப்பட்டது, எது இன்னும் சோதிக்கப்படவில்லை என்ற இப்பகுப்பைத் தருவதும் தடமறிதலின் பயனே.

ஒரு கிலோமீட்டர் பாறை: தேவையா, தீர்வா?

பொட்டிபுரத்தைத் தேர்வு செய்யக் காரணமானது பாறை. தரைமட்டத்தில் காஸ்மிக் கதிர்களால் விளையும் மியூயான்கள் கருவியை மூழ்கடித்துவிடும். எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பாறை சூழ்ந்திருந்தால் அவை பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறையும். போடி மேற்கு மலையில் செங்குத்தான சரிவும் அடர்ந்த சார்னோக்கைட் பாறையும் இருப்பதால், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள கிடைமட்டச் சுரங்கப்பாதையின் வழியே அந்த ஆழத்தை அடைய முடியும் எனக் கணிக்கப்பட்டது. பொது உரையாடலில் ‘ஒரு கிலோமீட்டர் பாறை வேண்டும்’ என்பதே திட்டத்தின் தேவையாக நிலைபெற்றது.

இதைப் பின்னோக்கித் தடமறிந்தால் வேறொரு வடிவம் கிடைக்கிறது. உண்மைத் தேவை பாறை அன்று. மியூயான் பின்னணியைப் பத்து இலட்சம் மடங்கு குறைப்பதே தேவை. பாறை அதை நிறைவேற்றும் ஒரு தீர்வு. இவ்வேறுபாட்டின் வழி ஆய்வாளர்கள் வேறொரு தீர்வையும் ஆராய்ந்துள்ளனர். ஏறத்தாழ 100 மீட்டர் பாறை மியூயான்களை நூறு மடங்கு குறைக்கும். கருவியைச் சுற்றி, புறமிருந்து வரும் மியூயான்களை இனங்கண்டு விலக்கும் உணரிகளை அமைத்து, அவை 99.99% திறனுடன் செயற்பட்டால் மேலும் பத்தாயிரம் மடங்கு குறையும். நூறும் பத்தாயிரமும் பெருகிப் பத்து இலட்சம் ஆகிறது. மதுரையின் சிறு ஐகாலைச் சுற்றி மியூயான் விலக்குணரியை அமைக்கும் முயற்சியின் நோக்கம் இக்கணக்கைச் சோதிப்பதே.

இத்தீர்வு புதிய சார்புத் தேவைகளைக் கொண்டுவருகிறது. மியூயான்கள் பாறையில் மோதி உண்டாக்கும் மின்சுமையற்ற துகள்கள் விலக்குணரியின் கண்ணில் படாமல் உள்ளே நுழையக்கூடும். விலக்குணரியின் தரவையும் கருவியின் தரவையும் நேரத்தால் பொருத்தும் மென்பொருள் மிக நுட்பமாக இருக்க வேண்டும். மலையின் சுமை, ஒரு பகுதி, நிரலின் மேல் இறங்குகிறது எனலாம். ஆயினும் ‘ஒரு கிலோமீட்டர்’ என்பதை மாற்றவியலாத தேவையாக எழுதிவைத்த ஆவணத்தில் இவ்வழி கண்ணுக்கே புலப்படாது. காரணத் தொடுப்பைப் பதிவு செய்தால் மட்டுமே, இடம் மாறினாலும் எஞ்சி நிற்கும் தேவை எது, இடத்தோடு நீங்கிவிடும் தேவை எது என்று பிரிக்க முடியும்.

சட்டத் தேவைகளும் விடுபட்ட தொடுப்புகளும்

தேவைகள் பயனரிடமிருந்து மட்டும் வருவதில்லை; சட்டத்திலிருந்தும் வருகின்றன. இவற்றைத் தடமறிவது தேவைப் பொறியியலில் தனிக் கிளையாக வளர்ந்துள்ளது. நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் கருதப்பட்ட இடம் நீலகிரி மாவட்டத்தின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009-இல் அதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. பின்னரே பொட்டிபுரம் தேர்வாயிற்று. 2011-இல் அங்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006-இன் பொது நிபந்தனைப்படி, பாதுகாக்கப்பட்ட பகுதியிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் அமையும் ‘ஆ’ பிரிவுத் திட்டம், மேல்நிலை ஆய்வுக்குரிய ‘அ’ பிரிவாகக் கொள்ளப்பட வேண்டும். அத்தொலைவு தொடக்கத்தில் 10 கி.மீ.; 2014 திருத்தத்துக்குப் பின் 5 கி.மீ. பொட்டிபுரத்தின் மேற்கே, இடுக்கி மாவட்டத்தில், ஏலமலைத் தொடரிலுள்ள மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா திட்ட இடத்திலிருந்து 4.9 கி.மீ. தொலைவில் உள்ளது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2017 மார்ச் 20 அன்று இத்தொலைவைச் சுட்டி, திட்டம் ‘அ’ பிரிவில் ஆராயப்பட வேண்டியது எனக் கூறி, வழங்கப்பட்ட அனுமதியை நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் நடுவண் அமைச்சகம் புதிய அனுமதி வழங்கியது. அதே ஆண்டு நவம்பர் 2 அன்று தீர்ப்பாயம் அவ்வனுமதியை ஏற்றபோதும், தேசிய வனவுயிர் வாரியத்தின் ஒப்புதல் தேவை என வரையறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறு புலிகள் காப்பகத்துக்கும் இடையிலான புலிகளின் வழித்தடத்தைச் சுட்டி, இத்திட்டத்தை அனுமதிக்க இயலாது எனத் தமிழ்நாடு அரசு 2022 பிப்ரவரியில் அங்குப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது.

தடமறிதலின் நோக்கில் இங்குக் கவனிக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, சட்ட விதியிலிருந்து திட்ட ஆவணத்தின் குறிப்பிட்ட முடிவுக்குச் செல்லும் தொடுப்பு. ‘இத்திட்டம் ஆ பிரிவு’ என்ற முடிவின் அருகில், அதற்கு அடிப்படையான விதி, அளக்கப்பட்ட தொலைவு, அளந்த நாள் ஆகியவை காரணத் தொடுப்பாக இருந்திருந்தால், 4.9 என்ற எண் நீதிமன்றத்துக்கு முன்பே வடிவமைப்பு மேசையில் விவாதிக்கப்பட்டிருக்கும். விதியின் தொலைவு 10-இலிருந்து 5 ஆக மாறியதும் படிமலர்ச்சித் தொடுப்பாகப் பதிவாகியிருக்கும்.

இரண்டாவது, கோட்டெலும் ஃபிங்கெல்ஸ்டைனும் வலியுறுத்திய ஆவணத்துக்கு முந்தைய தடமறிதல். நிலத்தடி நீர், பாறை வெடிப்பின் அதிர்வு, அம்பரப்பர் மலையடிவாரத்தின் மேய்ச்சல் நிலம், அணைகளின் பாதுகாப்பு ஆகியவை பற்றி அப்பகுதி உழவர்களும் கால்நடை வளர்ப்போரும் சூழலியலாளரும் தொடர்ந்து வினா எழுப்பினர். அறிவியலாளர்கள் விளக்கக் கூட்டங்களிலும் வெளியீடுகளிலும் விடை தந்தனர். ஒரு வினாவுக்கு விடை தருவதும், அவ்வினாவைத் தேவையாக ஏற்பதும் ஒன்றல்ல. ‘கிணற்று நீர் குறையுமா?’ என்ற வினா, ‘சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டம் இன்ன கால இடைவெளியில் அளந்து வெளியிடப்பட வேண்டும்’ என்ற சோதிக்கத்தக்க கூறாக மாறி, அதைக் கேட்டவரின் ஊரோடும் நாளோடும் இணைந்து நிற்கும்போதே அது தடமறியத்தக்கதாகிறது. அதன்பின் அவ்வினா நிறைவேறியதா இல்லையா என்பதைக் கேட்டவரே சரிபார்க்க முடியும்.

தானியக்கத் தொடுப்பு மீட்பும் தமிழ் ஆவணங்களும்

தொடுப்புகளைக் கையால் எழுதிப் பராமரிப்பது பெருஞ்செலவு பிடிக்கும் பணி. ஆகவே எழுதப்படாது போன தொடுப்புகளை ஆவணங்களின் சொல்லொப்புமையைக் கொண்டு மீட்கும் ஆய்வு வளர்ந்தது. ஜியுலியானோ அன்டோனியோல் குழுவினர் 2002-இல் நிகழ்தகவு மாதிரியையும் திசையன் வெளி மாதிரியையும் கையாண்டு நிரலுக்கும் ஆவணத்துக்கும் இடையிலான தொடுப்புகளை மீட்டனர். 2003-இல் மார்க்கஸ், மாலெடிக் ஆகியோர் உள்ளுறை பொருண்மைச் சுட்டலைப் பயன்படுத்தினர். ஜேன் கிளீலண்ட்-ஹுவாங் உள்ளிட்டோர் 2017-இல் ஆழ்கற்றல் முறையை வெளியிட்டனர். பின்னர் மொழி மாதிரிகள் வந்தன. இம்முறைகள் அனைத்தும் தருபவை வேட்புத் தொடுப்புகளே. இறுதி முடிவு மனிதரிடம் உள்ளது. கருவி தந்த நல்ல பட்டியலை மனிதர் திருத்தும்போது சில வேளைகளில் அதன் தரம் குறைவதும் ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது.

பொட்டிபுரம் போன்ற திட்டங்களில் இம்முறைகளைக் கையாளுமிடத்து மொழிச்சிக்கல் எழுகிறது. தொழில்நுட்ப அறிக்கைகளும் தீர்ப்புகளும் ஆங்கிலத்தில் உள்ளன. மனுக்கள், ஊராட்சித் தீர்மானங்கள், மக்களின் வினாக்கள் தமிழில் உள்ளன. ஒட்டுநிலை மொழியான தமிழில் ‘குகை’ என்ற ஒரு சொல்லே குகையின், குகைக்குள், குகையிலிருந்து, குகையால் எனப் பல வடிவம் கொள்ளும். உருபனியல் பகுப்பின்றிச் சொற்களை எண்ணும் முறை இவற்றை வெவ்வேறு சொற்களாகக் கருதி, ஒப்புமையைக் குறைத்து மதிப்பிடும். மேலும் ஒரே பொருள் அறிக்கையில் ‘நிலத்தடி நீர்மட்டம்’ என்றும், மனுவில் ‘கிணத்துத் தண்ணி’ என்றும் அமையும். எழுத்து வழக்கையும் பேச்சு வழக்கையும், தமிழையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே இணைக்கும் தொடுப்பு மீட்பு, தமிழ்க் கணிமை ஆய்வாளர்க்குரிய களம். இதற்கு முதற்படியாக வேண்டியது, மனிதர் சரிபார்த்த தொடுப்புகளுடன் கூடிய இருமொழித் தேவைத் தரவுத்தொகுதி. அரசுத்துறை மென்பொருள்களுக்கான தேவைகள் தமிழில் பேசப்பட்டு ஆங்கிலத்தில் எழுதப்படும் சூழலில், இதன் பயன் ஒரு திட்டத்தோடு முடிவதன்று.

முடிவுரை

தேவைத் தடமறிதல் பெரும்பாலும் ஆவண வேலையாகவும், தரச்சான்று பெறுவதற்கான சடங்காகவும் கருதப்படுகிறது. பொட்டிபுரத் திட்டம் அதன் வேறொரு முகத்தைக் காட்டுகிறது. அறிவியல் நோக்கத்திலிருந்து நிரல் வரையிலான சங்கிலி தெளிவாக இருந்தமையால், பாறைக்கு மாற்றாக விலக்குணரியை எண்ணிப்பார்க்க முடிந்தது. சட்டத்திலிருந்தும் மக்களிடமிருந்தும் வரவேண்டிய தொடுப்புகள் அத்தெளிவைப் பெறாத இடங்களில், வினாக்கள் தீர்ப்பாயத்தில் எழுந்தன. எனவே தேவையைத் தீர்விலிருந்து பிரித்து எழுதுதல், முடிவோடு காரணத்தையும் பதிதல், ஆவணத்துக்கு முந்தைய குரல்களையும் தொடுப்புகளாக ஏற்றல் ஆகிய மூன்றும் தடமறிதலின் இன்றியமையாத நெறிகளாகின்றன. இவற்றுள் மூன்றாவதே மிகக் குறைவாக ஆராயப்பட்டது; தமிழ்ச் சூழலில் மிகுதியாகத் தேவைப்படுவதும் அதுவே.